ஏழாண்டுச் சிறையும் இருபதாண்டு வழக்கும்

மின்வேலியில் சிக்கியோ, வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்தோ ஒரு யானை இறந்த செய்தி வரும்போதெல்லாம் தமிழ்நாட்டில் தவறாமல் ஒரு குரல் எழுகிறது: தண்டனையைக் கடுமையாக்குங்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, முறைகேடாக மின்சாரம் பாய்ச்சப்பட்டிருந்த வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை, வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டதைக் கண்டு நாடே கொதித்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அது கேட்கும் மருந்து நோய்க்குப் பொருந்தவில்லை. காட்டுயிர்க் குற்றங்களுக்கு நம் சட்டப் புத்தகத்தில் தண்டனைக்குப் பஞ்சமில்லை. குற்றம் செய்தவன் பிடிபடுவான், வழக்கு முடியும், தண்டனை வரும் என்ற நிச்சயத்துக்குத்தான் பஞ்சம். அந்த நிச்சயம் வராத வரை, ஏழாண்டு என்பதை எழுபதாண்டு என்று திருத்தினாலும் ஒரு யானைகூடக் கூடுதலாகப் பிழைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கான பொருள் மிக விரிவானது. துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டையாகாது. விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, சுருக்குக் கம்பி வைப்பது, காயப்படுத்துவது, பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைப்பது என அத்தனையும் அதில் அடங்கும். யானை, புலி, சிறுத்தை, கடல்பசு போன்ற முதல் அட்டவணை உயிரினங்களைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. இந்தக் குற்றத்தைச் சமரசக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளவும் வழியில்லை. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் இரண்டாம் முறை வேட்டையாடிப் பிடிபட்டால் குறைந்தது ஏழு ஆண்டு சிறையோடு, 5 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தந்தமோ தோலோ ஒருவர் கையில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், அது சட்டத்துக்குப் புறம்பாக வந்ததல்ல என்று காட்டும் பொறுப்பு அவரையே சேரும். 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அபராதங்களை மேலும் உயர்த்தியிருக்கிறது. இவ்வளவு பல் உள்ள சட்டங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை.

பல் இருந்தும் அது ஏன் கடிக்கவில்லை என்பதற்குப் பதில் கடந்த இருபதாண்டு வரலாற்றிலேயே இருக்கிறது. முதல் அட்டவணைக் குற்றங்களுக்கான குறைந்தபட்சச் சிறை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாகவும், அதிகபட்சம் ஆறிலிருந்து ஏழாண்டாகவும் உயர்ந்தது 2003 ஏப்ரலில். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்ற செய்தி வெளியானது. அத்தனையும் வேட்டைக்குப் பலியாகியிருந்தன. அஸ்ஸாம் மாநிலம் 2009-இல் தனக்கென ஒரு திருத்தம் கொண்டுவந்து தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. அதற்குப் பிறகுதான் காசிரங்காவில் 2013-இல் 27 காண்டாமிருகங்களும், 2014-இல் மேலும் 27 காண்டாமிருகங்களும் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. தண்டனையை உயர்த்தியதால் வேட்டை பெருகியது என்று எவரும் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சந்தையில் கொம்புக்கும் தோலுக்கும் கிடைத்த விலைதான் அதைத் தூண்டியது. ஆனால் உயர்த்தப்பட்ட தண்டனை அந்த விலையின் முன்னால் ஒரு தடையாகவே நிற்கவில்லை என்பதை இந்த இரண்டு காடுகளும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன.

கென்யாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2008 முதல் 2013 நடுப்பகுதி வரை அந்நாட்டு நீதிமன்றங்களில் நடந்த காட்டுயிர் வழக்குகளை ‘வைல்டுலைஃப் டைரக்ட்’ என்ற அமைப்பு ஆராய்ந்தது. குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்களிலேயே 4 சதவீதத்தினர்தான் சிறைக்குப் போயிருந்தார்கள். 2013-இல் வந்த புதிய சட்டம், அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளுக்கு எதிரான குற்றத்துக்கு ஆயுள் சிறை அல்லது குறைந்தது 2 கோடி ஷில்லிங் அபராதம் என்று விதித்தது. உலகமே பாராட்டியது. 2016-இல் ஒரு பெரும் தந்தக் கடத்தல்காரருக்கு 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டபோது, சட்டம் வென்றுவிட்டதாகவே பலரும் எழுதினார்கள். இரண்டே ஆண்டுகளில் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். சான்றுகளைக் கையாண்டதில் இருந்த ஓட்டைகளே அவரைக் காப்பாற்றின. பின்னர் கென்யாவில் யானை வேட்டை குறைந்தது உண்மைதான். காட்டுயிர்க் குற்றங்களுக்கென்றே அரசு வழக்கறிஞர் பிரிவு உருவானது, வழக்குகளை வெளியார் தொடர்ந்து கண்காணித்தது, சீனா தந்த வணிகத்தைத் தடைசெய்தது ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிட்டுச் சட்டத்தின் கடுமைக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் ஆகாது, அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதிதான் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இலேயே வாதிட்டார். காட்டுயிர்க் குற்றத்துக்கு இது மற்றெதையும்விடக் கூடுதலாகப் பொருந்தும். ஏனென்றால் இங்கே பாதிக்கப்பட்ட தரப்பு காவல் நிலையத்துக்கு நடந்து வந்து புகார் கொடுக்காது. கொலை நடந்த இடம் மனித நடமாட்டமே இல்லாத பள்ளத்தாக்காக இருக்கும். வணிகத்துக்காகக் கொல்பவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் இறங்குகிறார். சன்சார் சந்தின் கதை இதற்குச் சான்று. புலித்தோல், சிறுத்தைத்தோல் வணிகத்தின் மையப்புள்ளியாக இருந்த இவர் முதன்முதலில் 680 தோல்களோடு பிடிபட்டது 1974-இல். சட்டம் பிறந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் வழக்குகள் ஒருபுறம் நடக்க, வணிகம் மறுபுறம் வளர்ந்தது. 2005-இல் மீண்டும் கைதானார். அதற்கு முன் 2003 ஜனவரியில் பில்வாரா ரயில் நிலையத்தில் பிடிபட்ட சிறுத்தைத்தோல் வழக்கில், ஐந்தாண்டுத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2010-இல். அந்தத் தீர்ப்பிலேயே 1974-ஆம் ஆண்டின் கைது நினைவுகூரப்பட்டிருக்கிறது. அந்த முதல் கைதுக்குப் பின்னான ஆண்டுகளில் சட்டம் ஒருமுறை உறுதியாகப் பிடித்திருந்தால், சரிஸ்காவின் கதை வேறாக இருந்திருக்கலாம்.

பொதுமக்கள் நன்கறிந்த வழக்கு இன்னொன்று உண்டு. 1998 அக்டோபரில் ஜோத்பூர் அருகே கான்கானி கிராமத்தில் இரண்டு வெளிமான்கள் சுடப்பட்டன. நம் கோடியக்கரையில் துள்ளித் திரியும் அதே இனம்தான். நடிகர் சல்மான் கானுக்கு விசாரணை நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்தது 2018 ஏப்ரலில். இரண்டு இரவுகளில் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். ஜாமீனும் மேல்முறையீடும் எவருக்கும் உள்ள உரிமை, அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் முதல் தீர்ப்பு வருவதற்கே இருபது ஆண்டு ஆனது என்பதை எந்த நியாயத்தால் விளக்க முடியும்? மானைத் தெய்வமாகப் போற்றும் பிஷ்னோய் மக்கள் இத்தனை ஆண்டு விடாமல் நின்றதால்தான் அந்த வழக்கு அந்தத் தூரமாவது வந்தது. அப்படி விடாப்பிடியாக நிற்க ஒரு சமுதாயம் இல்லாத எறும்புத்தின்னிக்கும் நட்சத்திர ஆமைக்கும் யார் நிற்பார்கள்?

ஒரு வழக்கு எப்படித் தேய்கிறது என்பதைச் சற்றுக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், ரோந்தின்போது அழுகத் தொடங்கிய உடலைப் பார்க்கிறார். வனச்சரகர் வருகிறார், மகஜர் எழுதப்படுகிறது, கால்நடை மருத்துவர் அங்கேயே உடற்கூறாய்வு செய்கிறார். மழை பெய்தால் தடயம் போய்விடும். சுருக்குக் கம்பியை வெறுங்கையால் எடுத்தால் கைரேகை போய்விடும். எடுத்த மாதிரி டேராடூனுக்கோ ஹைதராபாத்துக்கோ போய், முடிவு திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். பிறகு நீதிமன்றம். வனத்துறை தொடுக்கும் வழக்கு காவல் துறையின் குற்றப்பத்திரிகையாகப் போவதில்லை, அதிகாரியின் புகார் மனுவாகவே போகிறது. அத்தகைய வழக்குகளில் குற்றச்சாட்டு பதிவாவதற்கு முன் ஒருமுறையும், பதிவான பின் மறுமுறையும் அதே சாட்சிகள் கூண்டேற வேண்டியிருக்கிறது. முதல் முறை வரும்போது வனச்சரகர் அதே சரகத்தில் இருப்பார். இரண்டாம் முறை அவர் வேறு மாவட்டத்துக்கு மாறியிருப்பார் அல்லது ஓய்வு பெற்றிருப்பார். மகஜரில் கையெழுத்திட்ட ஊர்க்காரர் பிறழ்சாட்சியாகியிருப்பார். கட்டைத் திறந்து பார்க்கும் அரசு வழக்கறிஞருக்கு அன்று நூறு வழக்குகளில் இதுவும் ஒன்று. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் தண்டனையின் அளவால் வலுப்பெறப் போவதில்லை.

தண்டனையைவிட நிச்சயம் வேலை செய்யும் என்பதற்கும் காசிரங்காவே சான்று. உளவுத் தகவல், மாவட்டக் காவல் துறையும் வனத்துறையும் சேர்ந்த சிறப்புப் படை, கடத்தல் வழிகளை அடைத்தது ஆகியவை ஒன்றுகூடியபோது எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது. 2022-ஆம் ஆண்டில் அஸ்ஸாமில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையாடப்படவில்லை. அந்த இடைவெளியில் சிறைக்காலம் கூடவில்லை, பிடிபடும் வாய்ப்புதான் கூடியது. இன்னொரு கருவி நம் சட்டத்துக்குள்ளேயே கேட்பாரற்றுக் கிடக்கிறது. வேட்டையாலும் கள்ள வணிகத்தாலும் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்ய 2003 முதல் தனி அத்தியாயமே இருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் காட்டுயிர்க் குற்றங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான வழக்குகள் கம்பி வைத்தவரோடும் மூட்டை சுமந்தவரோடும் நின்றுவிடுகின்றன. பணம் போட்டு வாங்கியவரின் வீடும் லாரியும் வங்கிக் கணக்கும் அப்படியே இருக்கின்றன. கூலியாளைச் சிறைக்கு அனுப்பினால் முதலாளி இன்னொரு கூலியாளைப் பிடித்துக்கொள்வார். சொத்து போனால்தான் அந்தத் தொழில் படுக்கும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு விவசாயிகளுடையது. காட்டுப்பன்றியும் யானையும் ஒரே இரவில் ஆறு மாத உழைப்பை அழித்துவிடும்போது, எங்களைக் குற்றவாளியாக்குகிறீர்களே என்று அவர்கள் கேட்பதில் வலி இருக்கிறது. 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து தடவப்பட்டிருந்தது. மாட்டை இழந்தவரே கைதானார். இழந்த மாட்டுக்கு ஒரு வாரத்தில் பணம் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை ஊரில் இருந்தால் இப்படிப்பட்ட விபரீதங்கள் குறையும். நிச்சயம் என்பது தண்டனைக்கு மட்டும் உரியதன்று, இழப்பீட்டுக்கும் அது வேண்டும். தற்காப்புக்காக விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமில்லை என்று சட்டமே சொல்கிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததும் இந்த வலியை உணர்ந்துதான். ஆனால் கொக்கி போட்டு எடுத்த மின்சாரத்தை வேலிக்கம்பியில் விடுவதும், பழத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பதும் பயிர்க் காவலாகாது. அவுட்டுக்காயைக் கடித்த யானை அங்கேயே சாவதில்லை. தாடை உடைந்து, நாக்கு கிழிந்து, தழையைப் பறித்தும் மெல்ல முடியாமல், பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. அதே மின்வேலியில் அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரும் சாகிறார். இதில் தயவு காட்டுவது விவசாயிக்கும் நல்லதன்று.

இரண்டாவது மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. சட்டம் ஏழைகளை மட்டுமே பிடிக்கிறது என்பார்கள். இதில் பெரும் உண்மை இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் கடல் அட்டை 2001 முதல் முதல் அட்டவணையில் இருக்கிறது. மூச்சடக்கிக் கடலடியில் கையால் பொறுக்கும் மீனவருக்கும், புலியைச் சுட்டுத் தோலுரிப்பவருக்கும் எழுத்தளவில் ஒரே தண்டனை, குறைந்தது மூன்றாண்டு. உரிமம் பெற்று அட்டை எடுப்பதை இலங்கை அனுமதிக்கிறது. ஆகவே இங்கே பிடித்து, அவித்து, உலர்த்திய அட்டை கடல் தாண்டினால் அங்கே சட்டபூர்வச் சரக்காகிவிடுகிறது. அங்கிருந்து கிழக்காசியச் சந்தைக்குப் போகிறது. லாபம் முழுவதும் நடுவில் நிற்கும் வணிகருக்கு, சிறை மட்டும் படகில் இருந்தவருக்கு. குறைந்தபட்சத் தண்டனை இப்படி எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருக்கும்போது, அளவுக்கு மீறிய தண்டனை விதிக்கத் தயங்கும் நீதிபதிக்கு விடுதலை ஒன்றே மிஞ்சும் வழியாகிவிடும். சட்டத்தைத் திருத்துவதென்றால் இங்கே திருத்துங்கள். பிழைப்புக்காக எடுத்தவரையும் வணிகத்துக்காகக் கடத்தியவரையும் வேறு வேறு படியில் நிறுத்துங்கள்.

மூன்றாவது மறுப்பு மிகக் கனமானது. வனத்துறையின் கையை வலுப்படுத்தினால் அது பழங்குடிகளின் கழுத்தில்தான் விழும் என்ற அச்சம் அது. அந்த அச்சத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது, வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீதான வழக்கில் 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். இந்த வரலாற்றை மறந்துவிட்டு எவரும் காட்டுச் சட்டம் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் வாச்சாத்தி சொல்லும் பாடம் என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது. அடியாலும் மிரட்டலாலும் பெறும் வாக்குமூலத்தை நம்பியிருக்கும் துறைதான் அத்துமீறும். மரபணுச் சோதனை, கைப்பேசிப் பதிவு, முறையாக எழுதிய மகஜர் ஆகியவற்றை நம்பும் துறைக்கு அந்தத் தேவை இராது. உதவி வனப் பாதுகாவலர் பதிவுசெய்யும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு ஈடாக அந்தப் பதிவு முழுவதும் காணொளியில் இருக்க வேண்டும், வழக்கறிஞர் உடன் இருக்க வேண்டும். மேலும், நீதி வருவதற்குள் குற்றவாளிகளே இறந்துபோகும் தாமதம் மானுக்கு மட்டும் நேர்வதில்லை, வாச்சாத்தியின் பெண்களுக்கும் அதுதான் நேர்ந்தது.

மனிதக் கொலை வழக்குகளே தேங்கிக் கிடக்கும் நீதிமன்றங்களில் மானுக்கும் ஆமைக்கும் முன்னுரிமை கேட்பது தகுமா என்ற கேள்வியும் எழும். நான் கேட்பது முன்னுரிமை அன்று, ஒழுங்கு. வனப் பரப்புள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குற்றவியல் நடுவரிடம் இந்த வழக்குகளை ஒப்படைத்து, மாதத்தில் சில நாட்களை இவற்றுக்கென ஒதுக்கினால் போதும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவைப்படாது. இந்த வழக்குகளில் தாமதம் ஏற்படுத்தும் இழப்புக்கு ஈடும் இல்லை. சரிஸ்காவுக்குப் புலியைத் திரும்பக் கொண்டுவர 2008-இல் ரந்தம்பூரிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றிவர வேண்டியிருந்தது. அப்படி ஏற்றிவர வேறு எந்தக் காட்டிலும் மிஞ்சாத ஓர் இனத்துக்கு எந்தத் தீர்ப்பும் உயிர் கொடுக்காது.

ஆகவே அடுத்த யானை இறக்கும்போது, ஆட்சியாளர்களிடம் இன்னொரு கடுமையான சட்டம் கேட்காதீர்கள். சட்டம் இயற்றுவது அவர்களுக்கு எளிது, செலவும் இல்லை. கேட்க வேண்டியவை வேறு. இந்த மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை காட்டுயிர் வழக்குகள் பதிவாயின, எத்தனை முடிந்தன, எத்தனையில் தண்டனை, எத்தனையில் விடுதலை, ஏன் விடுதலை? இந்தக் கணக்கை வனத்துறை ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு வன மாவட்டத்துக்கும் பயிற்சி பெற்ற அரசு வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். தடய மாதிரிகளுக்கு நாள் கெடு வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலருக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். பிடிபட்ட ஒவ்வொரு வணிகரின் சொத்தும் விசாரணைக்கு வர வேண்டும். பயிரையும் மாட்டையும் இழந்தவருக்கு அலைச்சல் இல்லாமல் பணம் போய்ச் சேர வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது இவற்றைக் கேளுங்கள், மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுங்கள். பிடிபட்டால் ஓராண்டுக்குள் தீர்ப்பு நிச்சயம் என்று தெரிந்தால், மூன்றாண்டுச் சிறையே வேட்டைக்காரரைத் தடுத்து நிறுத்தப் போதுமானது.